"எடை ஏறலைன்னா பால் பத்தலைன்னு அர்த்தமா?" - கொல்லிமலைக் குழந்தைகளும் அட்டையில் படுத்துவிடும் கோடும்!

கொல்லிமலைக்காரர்களுக்கு எடையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பச்சை மிளகு காய்ந்தால் எவ்வளவு நிற்கும், சோளக்காடு சந்தையில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால், அதே மலையில் மாதம் ஒருமுறை நடக்கும் இன்னொரு எடைபோடலை மட்டும் பல வீடுகளில் ஒரு சடங்காகவே பார்க்கிறார்கள். பால்வாடியில் குழந்தையைத் தூக்கி மெஷினில் வைப்பதும், டீச்சர் நோட்டில் எழுதிக்கொள்வதும், வீட்டுக்குத் திரும்புவதும் இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும்.

அந்த இரண்டு நிமிடங்கள்தான் சில குழந்தைகளுக்கு உயிர் விஷயம். குறிப்பாக, பிறவியிலேயே இதயக் கோளாறு, குறைப்பிரசவம், தைராய்டு, டவுன் சிண்ட்ரோம், வலிப்பு, மூளை முடக்குவாதம் என ஏதோ ஒரு மருத்துவப் பிரச்னையுடன் வளரும் குழந்தைகளுக்கு. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் 'நாடு'களில் ஒன்றான பெரக்கரை நாடு மாதிரியான ஓர் இடத்தில் இது இன்னும் முக்கியம். காரவள்ளி அடிவாரத்துக்கும் மலைக்கும் நடுவே 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்க நினைத்தால் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் குழந்தையைப் பார்க்கிறார் என்றால், நடுவில் இருக்கும் 90 நாள்களில் என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்லக்கூடியது தாய் சேய் நல அட்டையில் இருக்கும் அந்த வளைந்த கோடுதான். மருத்துவர்கள் அதை 'குரோத் சார்ட்' என்கிறார்கள். தமிழில், வளர்ச்சி வரைபடம்.

நான்கு மாதம், ஐந்து புள்ளிகள்

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். இது எந்த வீட்டுக் கதையும் அல்ல. எண்கள் எப்படிப் பேசும் என்று புரிந்துகொள்வதற்காக மட்டும்.

ஓர் ஆண் குழந்தை 2.8 கிலோவில் பிறக்கிறது. ஒரு மாதத்தில் 3.6 கிலோ. இரண்டாம் மாதம் 4.4. மூன்றாம் மாதம் 4.7. நான்காம் மாதம் 4.8.

இந்த எண்களை மட்டும் வாசித்தால், மாதாமாதம் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது எனத் தோன்றும். 'குறையலையே... போதும்' என்று அட்டையை மடித்து மஞ்சள் பையில் வைத்துவிடுவார்கள். ஆனால், இதே ஐந்து எண்களையும் உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். முதல் மூன்று புள்ளிகள் பச்சைப் பகுதிக்குள் இருக்கும். மூன்றாம் மாதத்தில் பச்சையின் கீழ் எல்லை 5 கிலோ. அதனால் 4.7 மஞ்சளுக்கு இறங்கிவிட்டது. நான்காம் மாதம் 4.9 கிலோவுக்குக் கீழே இருந்தால் ஆரஞ்சு, அதாவது கடுமையான எடைக்குறைவு. குழந்தையின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆனாலும் இரண்டே மாதங்களில் பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு விழுந்துவிட்டது.

உண்மையில் எச்சரிக்கை மணி ஆரஞ்சில் அடிக்கவில்லை. இரண்டாம் மாதத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் நடுவே, முந்தைய இரண்டு மாதங்களிலும் 800 கிராம் ஏறிய குழந்தை 300 கிராம்தான் ஏறியது. ஏறிக்கொண்டிருந்த கோடு அங்கேயே படுக்கத் தொடங்கிவிட்டது. நிறத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஒரு மாதம் போய்விட்டது.

இனி வீட்டில் நடப்பதைப் பெரும்பாலானோர் பார்த்திருப்போம். "கொழந்த எளச்சுப் போச்சே கண்ணு... உனக்குப் பால் பத்தலையோ என்னமோ" என்பார் பாட்டி. யாரோ உரம் விழுந்திருக்கிறது என்பார்கள், யாரோ தோஷம் என்பார்கள். தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகச் சொல்வார்கள். புட்டிப்பால் வரும். தாய் சாப்பிடுவது, படுப்பது, வேலைக்குப் போவது எல்லாமே விசாரணைக்கு வரும். குற்றவாளிக் கூண்டில் நிற்பது எப்போதும் தாய்தான்.

இந்த உதாரணக் குழந்தைக்கு இருப்பது வேறு பிரச்னை. இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் பெரிய ஓட்டை. பிறந்த முதல் சில வாரங்களில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும். அதனால் ஓட்டை வழியாக அதிக ரத்தம் பாயாது. குழந்தையும் சாதாரணமாகவே எடை ஏறும், மருத்துவமனையிலிருந்து நல்லபடியாக வீட்டுக்கு வரும். வாரங்கள் போகப்போக அந்த அழுத்தம் இயல்பாகக் குறையும். அப்போதுதான் இடது பக்கத்து ரத்தம் ஓட்டை வழியாகப் பாய்ந்து நுரையீரலை நிரப்பத் தொடங்கும். இதயம் இரண்டு மடங்கு உழைக்கும். மூச்சு வேகமாகும். பால் குடிப்பது என்பதே அந்தக் குழந்தைக்கு மலையேறுவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் குடிக்கும், நிறுத்தும், நெற்றி வியர்க்கும், களைத்துத் தூங்கிவிடும். உள்ளே போவதும் குறைவு, போனதையும் இதயமும் நுரையீரலும் எரித்துவிடுகின்றன. வளர்வதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

பிரசவ வார்டில் தெரியாத ஒன்றை, இரண்டு மாதம் கழித்து ஓர் அட்டையில் இருக்கும் கோடு காட்டிக்கொடுப்பது இப்படித்தான். அந்தக் கோட்டைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'நீ சரியா பால் கொடுக்கறியா?' அல்ல. 'குடிக்கும்போது குழந்தைக்கு வியர்க்குதா, மூச்சு வாங்குதா?' என்பதே.

எந்தக் கோடு முதலில் சரிகிறது?

வளர்ச்சி வரைபடம் என்றால் எடை மட்டுமல்ல. எடை, உயரம், தலைச்சுற்றளவு என மூன்று கோடுகள் உண்டு. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, எந்தக் கோடு முதலில் தடுமாறியது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும்.

எடை முதலில் சரிந்து, சில மாதங்கள் கழித்து உயரமும் சரிந்து, தலை மட்டும் தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தால், குழந்தைக்குச் சத்து போதவில்லை என்று பொருள். காரணம், சாப்பாடு குறைவாக இருக்கலாம். சாப்பிட்டது குடலில் சேராமல் போகலாம். அல்லது இதயம், நுரையீரல், காசநோய் என ஏதோ ஒன்று அதை எரித்துக்கொண்டிருக்கலாம். உடம்பு தன் வருமானம் குறையும்போது எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மூளையை மட்டும் கடைசிவரை காப்பாற்றும்.

எடை நன்றாக இருக்கிறது, ஏன், கொழுகொழுவென்றே இருக்கிறது, ஆனால் உயரம் மட்டும் நின்றுவிட்டது என்றால் கதை வேறு. தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம், வளர்ச்சி ஹார்மோன் போதாமல் இருக்கலாம், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து காரணமாக இருக்கலாம். இங்கே ஊட்டச்சத்து மாவு கொடுத்துப் பயனில்லை. ரத்தப் பரிசோதனைதான் வேண்டும். 'நல்லா குண்டாத்தானே இருக்கான்' என்ற பேச்சில் இந்தக் குழந்தைகள் வருடக்கணக்கில் தவறவிடப்படுகிறார்கள்.

தலைச்சுற்றளவு இன்னும் விசித்திரமானது. இங்கே கோடு மேலே ஏறுவதுதான் ஆபத்து. பிறக்கும்போது சுமார் 34-35 செ.மீ இருக்கும் தலை, முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு 2 செ.மீ வரை வளரும். பிறகு வேகம் பாதியாகி, ஒரு வயதில் 46 செ.மீ அளவில் நிற்கும். அதைத் தாண்டி, ஒவ்வோர் அளவீட்டிலும் மேல் கோடுகளை வெட்டிக்கொண்டு ஏறினால் மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். ஒரு சாதாரண தையல்காரர் டேப்பில் கிடைக்கும் தகவல் இது. ஆனால், எடையைப் போல் தலையை எல்லா இடங்களிலும் மாதாமாதம் அளப்பதில்லை. சந்தேகம் இருந்தால் அளக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

எடையிலும் இப்படி ஒரு கண்கட்டு உண்டு. சிறுநீரில் புரதம் வெளியேறும் நெஃப்ராடிக் சிண்ட்ரோம் வந்த குழந்தைக்கு உடம்பில் நீர் கோத்து, ஒரே வாரத்தில் எடை சட்டென்று ஏறும். காலையில் கண் இமைகள் வீங்கியிருக்கும். அட்டையில் அது அருமையான முன்னேற்றமாகத் தெரியும். சிகிச்சை கொடுத்து நீர் வடிந்ததும் எடை 'குறையும்'. அங்கே குறைவதுதான் குணம். அதனால்தான் கோட்டை மட்டும் பார்க்காமல் குழந்தையையும் பார்க்கச் சொல்கிறார்கள். பாதத்தில் பெருவிரலால் சில நொடிகள் அழுத்தினால் குழி விழுகிறதா என்று பார்ப்பது யாருக்கும் கைவரக்கூடிய சோதனை.

ஏழாம் மாதம் பிறந்த பிள்ளைக்கு எது வயது?

குறைமாதக் குழந்தைகளின் வீடுகளில் நடக்கும் ஒரு தவறான ஒப்பீட்டால் எத்தனையோ தாய்மார்கள் தூக்கம் தொலைக்கிறார்கள். 'பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இவனும் ஒரே மாசம், அது எப்படியிருக்கு பாரு!'

32 வாரத்தில் பிறந்த குழந்தை, 40 வாரக் கணக்குக்கு எட்டு வாரம் முன்னாடி வந்துவிட்டது. அதற்குக் காலண்டரில் ஆறு மாதம் ஆகும்போது, வரைபடத்தில் நான்காம் மாதத்தில்தான் புள்ளி வைக்க வேண்டும். இதைத் 'திருத்திய வயது' என்கிறார்கள். இரண்டு வயது வரை இப்படித்தான் கணக்கிட வேண்டும். ஆறாம் மாதத்தில் வைத்தால் எடைக்குறைவாகத் தெரியும் குழந்தை, நான்காம் மாதத்தில் வைத்தால் பச்சைக்குள் வந்துவிடலாம். தேவையில்லாத பயமும் புட்டிப்பாலும் அதோடு ஒழியும். தடுப்பூசிக்கு மட்டும் இந்தத் திருத்தம் கிடையாது. அதைக் காலண்டர் வயதில்தான் போட வேண்டும்.

40 வாரம் நிறையும் வரை குறைமாதக் குழந்தைகளுக்கென்றே தனி வரைபடங்கள் இருக்கின்றன. கனடாவின் ஃபென்டன் வரைபடம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளது. 2014-ல் வெளியான 'இன்டர்குரோத்-21' ஆய்வு எட்டு நாடுகளில் நடந்தது. அதில் நம் நாட்டின் பங்களிப்பு நாக்பூரிலிருந்து.

தனி சார்ட் என்றால் தனி நியாயமா?

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் இயல்பாகவே உயரம் குறைவாக வளர்வார்கள். பொதுவான வரைபடத்தில் அவர்களது புள்ளிகள் எப்போதும் அடிமட்டத்திலேயே கிடக்கும். ஒவ்வொரு மாதமும் 'குறைவு, குறைவு' என்றே கேட்டால் பெற்றோர் என்னதான் செய்வார்கள்? இதற்காகவே அவர்களுக்கென்று தனி வரைபடங்கள் வந்தன. பிரிட்டன், அயர்லாந்துக் குழந்தைகளை வைத்து 2002-லும், அமெரிக்கக் குழந்தைகளை வைத்து 2015-லும் வெளியானவை பரவலாகப் பயன்படுகின்றன. டர்னர் சிண்ட்ரோம் உள்ள பெண் குழந்தைகளுக்கும், எலும்பு வளர்ச்சிக் குறைவால் குள்ளமாக வளரும் குழந்தைகளுக்கும் இப்படித் தனித்தனியாக உண்டு.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. 'அவன் டவுன் சிண்ட்ரோம் பிள்ளை, அப்படித்தான் இருப்பான்' என்று சமாதானம் ஆகிவிடுவது. இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். தைராய்டு குறைபாடும் மற்றவர்களைவிட அதிகம். தனி வரைபடத்தின் உண்மையான பயன் ஆறுதல் சொல்வது அல்ல. தன்னைப்போன்ற குழந்தைகளோடு ஒப்பிட்டாலும் இவன் கோடு கீழே இறங்குகிறதே என்று கண்டுபிடிப்பதுதான். இறங்கினால் தைராய்டு பார்க்க வேண்டும், இதயத்தை எக்கோ எடுக்க வேண்டும். இறங்காவிட்டாலும் தைராய்டு பரிசோதனையை வருடத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்வது வழக்கம்.

மூளை முடக்குவாதம் எனும் செரிப்ரல் பால்சி குழந்தைகளின் நிலை இன்னும் சிக்கல். முதலில், அவர்களை அளப்பதே கடினம். கால்கள் மடங்கி இறுகியிருக்கும் குழந்தையை எப்படி நிமிர்த்தி உயரம் பார்ப்பது? முழங்காலிலிருந்து குதிகால் வரை உள்ள நீளத்தை அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடும் முறையைக் கையாள்கிறார்கள். எடை பார்க்க, அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும்.

இவர்களுக்கென அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சேகரித்த தகவல்களை வைத்து 2011-ல் வெளியான வரைபடங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வது நல்லது. அந்தக் கோடுகள், இந்தக் குழந்தைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதைக் காட்டுகின்றனவே தவிர, எப்படி வளர வேண்டும் என்பதை அல்ல. விழுங்கச் சிரமப்பட்டு, அரை வயிற்றோடு வளர்ந்த குழந்தைகளும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அதனால் 'இவனைப்போல எல்லாருமே ஒல்லிதான்' என்று விட்டுவிடக் கூடாது. ஒரு வேளை உணவூட்ட ஒரு மணி நேரம் ஆகிறதா, ஒவ்வொரு வாய்க்கும் புரையேறுகிறதா என்று கேட்டால், எடை ஏறாததற்கான விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

"நம்ம ஆளுங்களே குள்ளம்தானே!"

மலையில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். கொல்லிமலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் 'மலையாளி' பழங்குடியினர். 'எங்க பரம்பரையே இப்படித்தான், வெளிநாட்டுக்காரன் போட்ட கோட்டுக்கு எங்க பிள்ளை எப்படி வரும்?' என்பது நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது.

இன்று அட்டையில் இருக்கும் வரைபடம் 2006-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து உருவாக்கியது. இந்தியாவில் டெல்லியில் அளந்தார்கள். தாய்ப்பால், நல்ல உணவு, தடுப்பூசி, புகை இல்லாத வீடு என எல்லாம் கிடைத்த குழந்தைகளையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவில் தெரியவந்தது, ஐந்து வயது வரை நார்வே பிள்ளையும் டெல்லிப் பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள் என்பது. பெற்றோரின் உயரத்துக்குப் பங்கு உண்டு. ஆனால், நன்றாக ஏறிக்கொண்டிருந்த கோடு திடீரென்று படுத்துக்கொள்வதற்குப் பரம்பரை காரணமாக முடியாது. பரம்பரையாகவே சிறிய உடல்வாகுள்ள குழந்தை, கீழே இருக்கும் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு அதற்கு இணையாகவே ஏறும். கோட்டை விட்டு விழாது.

ஐந்து வயதுக்கு மேல் இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் 2015-ல் வெளியிட்ட, 5 முதல் 18 வயது வரையிலான வரைபடம் இருக்கிறது. நீலகிரிப் பழங்குடிக் குழந்தைகளிடம் காணப்படும் சிக்கிள் செல் ரத்தசோகை போன்ற நீண்ட கால நோய்களில், உயரமும் பருவமடைதலும் தாமதமாவதை அதில்தான் பார்ப்பார்கள்.

எடை போட்டால் மட்டும் போதுமா?

மாதாமாதம் எடை போட்டு, கோடு பார்த்து, அதன்படி நடவடிக்கை எடுப்பதில் தமிழ்நாடு முன்னோடி மாநிலம். 1980-ல் உலக வங்கிக் கடனுதவியுடன் அன்றைய மதுரை மாவட்டத்தில் 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்' தொடங்கியது. சத்துணவுத் திட்டம் வருவதற்கும் இரண்டு வருடங்கள் முன்பு. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை அந்தந்தக் கிராமத்துப் பெண்களே மாதம்தோறும் எடை போட்டார்கள். எல்லாருக்கும் உணவு கொடுக்கவில்லை. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்து லட்டு, கோடு நிமிரும் வரை. நிமிர்ந்தால் நிறுத்திவிடுவார்கள். நிமிராவிட்டால் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை ஏற்கெனவே மெலிந்துவிட்டதா என்பதைவிட, மெலியத் தொடங்கிவிட்டதா என்று பார்த்ததுதான் அந்தத் திட்டத்தின் புத்திசாலித்தனம்.

அதே தமிழ்நாடு இன்னொரு பாடத்தையும் தந்தது. வேலூர் பகுதிக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 1993-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. எல்லாக் கிராமங்களுக்கும் நல்ல மருத்துவ வசதியும் ஊட்டச்சத்து அறிவுரையும் கொடுத்து, பாதிக் கிராமங்களில் மட்டும் வளர்ச்சி வரைபடத்தையும் சேர்த்தார்கள். குழந்தைகளின் வளர்ச்சியில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. அதாவது, புள்ளி வைப்பதால் மட்டும் எந்தக் குழந்தையும் வளர்ந்துவிடாது. புள்ளியைப் பார்த்தபின் யாராவது ஏதாவது செய்ய வேண்டும். மருத்துவப் பிரச்னை உள்ள குழந்தை விஷயத்தில் அந்த 'ஏதாவது' என்பது அறிவுரையோடு நிற்க முடியாது. எக்கோவாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனையாக இருக்கலாம், பல நேரங்களில் மருந்தின் அளவை மாற்றுவதாக இருக்கும்.

மருந்து அளவு பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. குழந்தைகளுக்குப் பெரும்பாலான மருந்துகள் 'ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்' என்ற கணக்கில்தான். 8 கிலோவில் வலிப்பு மருந்து தொடங்கிய குழந்தை 11 கிலோவுக்கு வந்தபிறகும் அதே அளவில் சிரப் குடித்துக்கொண்டிருந்தால், நின்றிருந்த வலிப்பு மீண்டும் வரலாம். 'மருந்து கேக்கல' என்று மந்திரிக்கப் போவதற்கு முன், கடைசியாக எப்போது எடை பார்த்தோம் என்று அட்டையைப் புரட்ட வேண்டும். காசநோய், இதய மருந்துகளுக்கும் இதே கதைதான்.

எடை மெஷினில் ஏற்றும் முன்...

தப்பான எடை, எடையே போடாததைவிட மோசம். கொல்லிமலைக் குளிரில் ஸ்வெட்டர், குல்லா, கால்கொலுசு, அரைஞாண் எல்லாவற்றோடும் ஏற்றி, அடுத்த மாதம் வெயில் நாளில் ஒற்றைச் சட்டையோடு ஏற்றினால் கோடு பொய் சொல்லும். மெஷின் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்த்து, முடிந்தவரை உடையைக் கழற்றி, ஒவ்வொரு முறையும் அதே மெஷினில் பார்ப்பது நல்லது. இரண்டு வயதுக்குக் கீழே குழந்தையைப் படுக்கவைத்துத்தான் நீளம் பார்க்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து. படுத்த அளவுக்கும் நின்ற அளவுக்கும் 0.7 செ.மீ வித்தியாசம் வரும் என்பதால், முறை மாறினால் குழந்தை 'குட்டையாகிவிட்டது' போலத் தெரியும்.

மழையில் நனைந்து, எலி கடித்து, அடுப்பங்கரைப் புகையில் மங்கிப்போகும் அட்டைகள் ஏராளம். எடை போட்ட ஒவ்வொரு முறையும் வரைபடப் பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்துவைத்தால் நாமக்கல்லோ சேலமோ எங்கே போனாலும் மருத்துவரிடம் காட்டலாம். அங்கன்வாடியில் இப்போது 'போஷன் டிராக்கர்' செயலியில் பதிவாகிறது என்றாலும், வீட்டில் ஒரு பிரதி இருப்பது நல்லதுதானே!

கோடு படுத்துவிட்டது, பால் குடிக்க மூச்சு வாங்குகிறது என்றால் அடுத்த எடை நாள்வரை காத்திருக்க வேண்டாம். கிராம சுகாதார நர்ஸிடம் சொன்னால் வழிகாட்டுவார். பள்ளி, அங்கன்வாடிகளுக்கு வரும் தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதித்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும். இதய அறுவை சிகிச்சைக்கு அந்தத் திட்டமும் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடும் கைகொடுக்கும். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108.

உணவு விஷயத்தில், இதயக் கோளாறுள்ள கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்துவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. களைத்துப்போகும் குழந்தைக்கு, தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கலாம். நம் பாட்டிகள் காலத்துப் பாலாடையைத்தான் இன்று பச்சிளம் குழந்தைகள் ஐ.சி.யு-விலும் பயன்படுத்துகிறார்கள். ஆறு மாதத்துக்குமேல் அளவைக் கூட்டுவதைவிட அடர்த்தியைக் கூட்டுவதே உதவும். தண்ணியான கேழ்வரகுக் கஞ்சியால் வயிறுதான் நிரம்பும். அதையே கெட்டியாகக் காய்ச்சி ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விட்டு, பொடித்த வேர்க்கடலை சேர்த்து, மருத்துவர் சரி என்றால் முட்டையும் கொடுக்கலாம். முட்டைக்கு நாமக்கல்லில் பஞ்சமா என்ன! கொல்லிமலைத் தேன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஒரு வயதுக்குள் நாக்கில் தொட்டுவைக்கக்கூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியைத் தாங்கும் சக்தி கைக்குழந்தையின் குடலுக்குக் கிடையாது.

மீண்டும் அந்த உதாரணக் குழந்தை. நான்காம் மாதத்தில் எக்கோ எடுத்து, நீர் பிரிய மருந்து தொடங்கி, எடை கொஞ்சம் தேறியதும் ஓட்டையை அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். ஆனால், பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்காது. அடுத்தடுத்த மாதங்களில் கோடு நிமிரும், பெரும்பாலான குழந்தைகளில் சாதாரணக் குழந்தையைவிடச் செங்குத்தாகவே ஏறும், விட்டதைப் பிடிப்பதற்காக. நிமிராவிட்டால் ஓட்டையில் கசிவு மிச்சம் இருக்கிறதா, வேறு ஏதாவதா என்று மறுபடி தேட வேண்டும். அதனால், தழும்பு ஆறியபிறகும் பால்வாடியில் எடை போடும் நாளன்று அந்தக் குழந்தையும் வரிசையில் இருக்க வேண்டும், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு.